தார்ப்பாய்க்காரன் நிற்கும் இடம்

அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
திரையில் ஓடும் ஒரு அம்புக்குறி,
அதுதான் அவன்.
பன்னிரண்டாவது நிமிடத்தில் இருமுவான்.
இருபத்தாறில் அவன் வீட்டு நாய் குரைக்கும்,
மன்னிக்கணும் என்று எழுந்து போவான்.
அந்த நாற்பது நொடியும்
பாதி வரைந்த மலை ஒன்று
ஆளில்லாமல் நிற்கும்.

கருப்பூர் எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிப்டு.
வண்டி ஏறும், எண் வரும், சீட்டு கிழிப்பேன்.
இரண்டு லாரிக்கு நடுவே பதினோரு நிமிடம் கிடைத்தால்
ஒரு பாடத்தில் கால்வாசி.
அவன் இங்கிலீஷ் எனக்கு அரைவாசிதான் புரியும்.
வேகத்தைக் குறைத்து வைத்தால்
குடித்தவன் மாதிரிப் பேசுவான்.
பரவாயில்லை, கை புரிகிறது.

முதலில் நிழலுரு, என்பான்.
உள்ளே ஒன்றும் இல்லாமல், கறுப்பாக, முப்பது.
அதில் இருபத்தொன்பதைத் தூக்கி எறி.
எறிய எனக்கு மனசு வராது.
சீட்டுகளின் முதுகில் வரைந்ததெல்லாம்
பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.
ஒருமுறை முதலாளி கணக்குப் பார்க்கையில்
பன்னிரண்டு சக்கர வண்டியின் நிகர எடைக்குப் பின்னால்
பறக்கும் கப்பல் ஒன்றைக் கண்டு
சீட்டை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பார்த்தார்.

தூரத்து மலை நீலமாகும், என்கிறான்.
ஆகும். மார்கழியில்.
சித்திரையில் வந்து சேர்வராயனைப் பார்,
புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து
பழைய துவரம்பருப்பு நிறம்.
ராத்திரியில் மலையே கிடையாது,
உச்சியில் ஏற்காட்டு விளக்குகள் மட்டும்
எதன்மேலும் நிற்காமல்.
இதையெல்லாம் அவனிடம் சொல்ல வழியில்லை.
அவன் பேசி முடித்து மூன்று வருஷம் ஆகிறது.

மூன்றாம் பாகத்தில் ஒரு கிரகம் வரைந்தான்.
யாரும் கண்டிராத சுரங்க நகரம், என்றான்.
வெள்ளைக் குவியல்கள். மஞ்சள் விளக்கு.
கீழே எறும்பாய் வண்டிகள்.
நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
வெள்ளைக்கல் குவியல்கள். மஞ்சள் விளக்கு.
பவுடர் பூசிக்கொண்ட வேலிக்கருவேலம்.
எங்கள் கொல்லையை யாரோ
போட்டோ எடுத்துப் போனதுபோல்
கூச்சமாக இருந்தது.

அன்றைக்குத்தான் என் முதல் முழுப்படம்:
அதே கிரகத்தில் ஓர் எடைமேடை.
விலா எலும்பாய் வளைந்த கூரை,
மிதக்கும் தட்டு, ஆறு கால் வண்டி.
விடியற்காலை மூன்றரைக்கு
மாதேசு வண்டியின் கிளீனர் கோகுல்நாத்
சீட்டுக்குக் கை நீட்டியவன்
தலைகீழாக அதைப் பார்த்தான்.
"நல்லாருக்குதுங்க்கா.
தார்ப்பாய் கட்டறவன் எங்க நிப்பான்?"
நான் விழித்தேன்.
"லோடு மேல ஏறோணும், எறங்கோணும்.
இப்படி வழுவழுன்னு இருந்தா
புடிக்கறதுக்கு என்ன இருக்குது?"
போன ஆடியில் விழுந்தவன் அவன்.
இடது மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாது.
எடை சொன்னேன், சரி என்றான்,
சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் கேபினுக்கு ஏறினான்.

மூன்று பாகத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
ஒளி இருக்கிறது, அளவு இருக்கிறது,
துரு எப்படிப் பிடிக்கும் என்று அரைமணி நேரம் இருக்கிறது.
கோகுல்நாத் கேட்டது இல்லை.
அழித்தேன்.
விலா எலும்பு ஒன்றை உடைத்து ஏணி வைத்தேன்.
ஏணிக்குப் பக்கத்தில் கயிறு.
கயிற்றில் ஒரு சட்டை வந்து காய்கிறது,
அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.
பிறகு தண்ணீர் கேன்.
பிறகு கூரைக்கடியில் ஒரு ஆள்
காலை மடக்காமல் படுக்கிற அளவு இடம்.
கிரகம் கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது.

விளையாட்டுக்கு அந்தத் தாளை
மேடைமேல் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே இதற்குக் கண் தெரியாது.

நாலாம் பாகத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
அதுவரை இருபத்தாறாவது நிமிடம்:
நாய் குரைக்கிறது. அவன் எழுந்து போகிறான்.
பாதி மலை.
அதில் ஏறுகிறவன்
முதல் காலை எங்கே வைப்பான் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்,
வெளியே யாரோ
விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள்.