வாடகைதாரர் பெயர்

ஒன்றாம் தேதி, பால் பாக்கெட் வந்து விழும் முன்
என் கைபேசி ஒருமுறை சிணுங்கும்.
மூவாயிரம் ரூபாய். அனுப்பியவர்: கு. அர்த்தநாரி.
குறிப்பு: வாடகை.
அனுப்பியவர் இருப்பது
சுவருக்கு அந்தப் பக்கம்,
இருமல் கேட்கும் தூரத்தில்.

மெய்யனூரில் நான் கட்டிய வீடு.
வந்த அன்றே தன் அறையை அளந்துவிட்டார்:
பத்துக்குப் பதினொன்று.
ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி,
அதன் தோளுக்கு மேல் சேர்வராயன் ஒரு துண்டு.
"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் போகும்.
மலை தெரியுது, நூறு சேத்துக்க."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் மாக்னசைட் சுரங்கத்தில் எடைமேடை.
காலி லாரியை ஒருமுறை, சுமை லாரியை ஒருமுறை
நிறுத்துச் சீட்டெழுதியவர்.
அவர் கையெழுத்தில்லாமல்
ஒரு வெள்ளைக் கல் வெளியே போனதில்லை.
எனக்கும் ரசீது கேட்டார்.
டைரியில் கிழித்து எழுதித் தந்தேன்.
மறுநாள் செவ்வாய்ப்பேட்டை போய்
ரசீதுப் புத்தகமே வாங்கி வந்தார்,
கார்பன் தாளோடு.

ஜூலையில், நாலு ரோட்டில்,
ஏ.சி. சொட்டும் அறையில், ஆடிட்டர் நசீமா
வங்கிக் கணக்கின் மேல் விரலை நிறுத்தினார்.
"மாசாமாசம் மூவாயிரம். இது யாரு?"
அப்பா.
"ஒரே வீட்லயா?"
ஒரே குக்கர்.
"அப்புறம் எதுக்குங்க வாடகைன்னு போடறாரு?
வீட்டுச் செலவுக்குக் குடுத்தார்னா
சட்டம் திரும்பிக்கூடப் பாக்காது.
மகளுக்கு அன்பளிப்புன்னாலும் வரி இல்ல.
வாடகைன்னா அது வருமானம்.
ஒத்தை வார்த்தை. என்னன்னு கேட்டுட்டு வாங்க."

கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
முப்பத்தாறாயிரத்தில் முப்பது சதவீதம் கழிந்து
இருபத்தைந்தாயிரத்து இருநூறு.
என் சம்பளத்தின் மேல் அது ஏறி உட்கார,
ஐந்தில் ஒரு பங்கு, செஸ் தனி:
ஐயாயிரத்து இருநூற்று நாற்பது.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.
ரசத்தைப் பிசைந்தபடி கேட்டார்:
"அன்பளிப்புக்கு ரசீது உண்டா?"
இல்லை.
"வீட்டுச் செலவுக்கு?"
இல்லை.
"குழாய் ஒழுகுதுன்னா கேக்கலாமா?"
எப்பவும் கேக்கலாம்ப்பா.
"கேக்கலாம். கேக்க மாட்டேன்."
மோரை ஊற்றிக்கொண்டார்.
"அந்த ஐயாயிரத்தையும் நானே குடுத்துடறேன்."
குடுத்தா அதுவும் வாடகைப்பா. அதுக்கும் வரி.
அன்றுதான், இந்த வீட்டில் முதல்முறை,
மோர் மூக்கிலேறச் சிரித்தார்.

ஓசூரில் தம்பி வீட்டில் ஒன்பது மாதம் இருந்தார்.
பைசா வாங்கவில்லை தம்பி. நல்லவன்.
அங்கே ராத்திரி எழுந்தால்
விளக்குப் போடாமல், சுவரைத் தடவித் தடவி
கழிப்பறைக்குப் போவாராம்.
இரண்டு முறை விழுந்திருக்கிறார்.
தம்பி மனைவி போனில் அழுதாள்:
"நாங்க ஒண்ணுமே சொன்னதில்லக்கா."
சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே
விடிகாலை மூன்று மணிக்கு
ஹால், சமையலறை, வாசல், எல்லா விளக்கும்.
மூன்றரைக்கு ரேடியோ.
கதவைத் தட்டினால் உள்ளிருந்து
"வாடகை குடுத்திருக்கேன்."

நேற்றிரவு படிவத்தை நிரப்பினேன்.
முதல் பக்கத்தில் தந்தை பெயர் கேட்டது.
எழுதினேன்.
பின்னால், வீட்டுச் சொத்து என்ற இடத்தில்
வாடகைதாரர் பெயர் கேட்டது.
எழுதினேன்.
அதே எழுத்துகள், அதே வரிசை.
இயந்திரத்துக்கு ஒரு சந்தேகமும் இல்லை.
பச்சைக் குறி விழுந்தது.

எழுந்தபோது கதவிடுக்கில் ஒரு தாள்,
எடைமேடைக் கையெழுத்து:
"வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு.
கழிப்பறைக் குழாய் நான்கு நாட்களாக ஒழுகுகிறது.
கவனிக்கவும்."

நகல் அவரிடம் இருக்கும்.
காலையில் சூரமங்கலம் ஆபீஸ் போகும் வழியில்
அரை இஞ்ச் வாஷர் ஒன்று வாங்க வேண்டும்.