மைனஸ் பதினொன்று

நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.
புர்க்டோர்ஃப் ரயில்பாதைக்கு இப்பால்
பம்புகள் கழற்றிய பெற்றோல் நிலையத்தில்
முழந்தாளிட்டிருக்கிறேன்
ஓர் இரும்பு மூடியின் முன்.

அறுகோணச் சாவி. துரு. ஒரு கெட்ட வார்த்தை.
மூடி கழன்றதும் முதலில் மேலேறுவது
தண்ணீரல்ல, வாசனை.
முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே என்பது விதி.
மூக்குக்கு விதி தெரியாது.

நான்காம் குழாய்.
உள்ளங்கை நுழையாத அகலம்.
அளவு நாடாவை இறக்குகிறேன்.
ஆறு மீற்றர் பதினேழில் கூவுகிறது.
விட்டுவிட்டுக் கூவினால் தண்ணீர்,
ஒரே மூச்சாய்க் கூவினால் எண்ணெய்.
போன வருடம் ஒரே மூச்சு, மூன்று சென்றிமீற்றருக்கு.
இன்று விட்டுவிட்டு.
நல்ல செய்தி என்று அறிக்கையில் எழுத முடியாது.
'மிதக்கும் படலம் காணப்படவில்லை.'

குழாய் கொள்ளும் நீரை மூன்று மடங்கு
இறைத்துத் தள்ளிய பிறகுதான்
நிலம் வாய் திறக்கும்.
அதுவரை கான் நிறையப் பழைய பேச்சு.

குப்பியை விளிம்பு தளும்ப நிரப்பி, மூடி,
தலைகீழாக்கித் தட்டிப் பார்க்கிறேன்.
கடுகளவு குமிழி போதும்
பென்சீன் அதற்குள் போய் ஒளிந்துகொள்ள.
திரும்ப நிரப்பு.
விரல் விறைத்துவிட்டது. திரும்ப நிரப்பு.

மச்சான் கேட்பான்:
"கிணத்துக்க வாளி விடவோ
அஞ்சு வருசம் படிச்சனி?"
ஓமடா. வாளியும் மெல்லிசு, கிணறும் மெல்லிசு.

கிணற்று நீரை வெள்ளம் கொண்டுபோகாது என்பார்கள்.
இங்கே கிணற்று நீர் தானே நடக்கிறது,
சரளைக்குள்ளால், நாளுக்கு இரண்டு மீற்றர்,
எம்ம ஆறு போகும் பக்கமாக.
வரைபடத்தில் அதற்கு நாக்கு வடிவம்.
நாக்கின் நுனி
தோட்டத் துண்டுகளின் வேலியைத் தாண்டிவிட்டது.

அங்கே ஷ்பெண்டின் கைப்பம்பில்
மஞ்சள் நாடா சுற்றியிருக்கிறார்கள்.
பீப்பாயில் மழை பிடிக்கிறார் மனிதர்.
என்னைக் கண்டால் ஒரே கேள்வி:
"இந்த வருசமா?"
போன தடவை முப்பத்தெட்டு. எல்லை பத்து.
தோளைக் குலுக்குகிறேன்.
ஒரு பூசணித் துண்டு வெட்டித் தந்தார்.
வாங்கிக்கொண்டேன்.
இன்னும் குளிர்பெட்டியில் கிடக்கிறது, குப்பிகளோடு.

அவருக்குத் தெரியாது,
பதினான்கு வருடத்துக்கு முன்
இதே கூரையின் கீழ் இரவு வேலையில்
சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்றவன் நான் என்று.
கடை பூட்டியதும் தாங்கிக் கணக்கு.
விற்றது, இருக்க வேண்டியது, இருப்பது.
இரண்டாம் தாங்கி: மைனஸ் பதினொன்று.
மறுநாளும் மைனஸ் பதினொன்று.
ஞாயிறு பன்னிரண்டு.

லுகின்பியூல் முதலாளி நல்ல மனிதர்,
என் முதல் பனிக்காலத்துக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர்.
"குளிர்," என்றார். "பெற்றோல் சுருங்கும்."
ஜனவரியில் சுருங்கியது.
ஜூலையிலும் சுருங்கியது.
பகலில் வெப்ப விரிவு பற்றிப் பரீட்சை எழுதியவன்
இரவில் காரணக் கட்டத்தில்
'வெப்பநிலை' என்று எழுதினேன்.
கேட்டிருக்கலாம்.
வேலை அனுமதி புதுப்பிக்க அவர் கடிதம் வேண்டியிருந்தது.

எத்தனை இரவு என்று கணக்குப் போட்டதில்லை.
போட்டிருக்கிறேன்.
நாலாயிரத்து நானூறு லீற்றர்.

கார் கழுவும் இடத்தில் ஒரு கொன்ரெயினர் நின்று
இரவுபகலாக மண்ணின் மூச்சை உறிஞ்சி
கரியில் ஊதிக்கொண்டிருக்கிறது.
தூக்கம் வரவில்லை என்று எதிர்வீட்டில் புகார்.
கரியை மாற்ற மாற்ற
எடை கூடித்தான் போகிறது.

படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்புகிறேன்.
நிறம்: இல்லை.
கலங்கல்: இல்லை.
மாதிரி எடுத்தவர்: சி. வாகீசன்.
கையெழுத்தின் நீண்ட வால்
அந்தப் பேரேட்டில் இருந்த அதே வால்.

வாசனை?
பேனை நிற்கிறது.
மை உறைந்ததா என்று உதறிப் பார்க்கிறேன்.
எழுதுகிறது.
இருக்கிறது.

ஐந்தாம் குழாய் வேலிக்கு அப்பால்.
நெற்றி விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.