வலது கீழ் மூலையில் ஒரு ‘உ’

விலை ஆறணா. முப்பத்திரண்டு பக்கம்.
ஆண்டு இருந்த இடத்தைக் கரையான் படித்துவிட்டது.
‘தவளைக்கு வந்த தந்தி.’
கதை எழுதியவர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில்.
ஓவியர்: தெரியவில்லை
என்று நூலகப் பட்டியலில் எழுதியது நான்தான்,
தலைப்புக்கு எட்டு ரூபாய்க் கூலிக்கு.

ஒவ்வொரு படத்திலும் ஒரு உ.
பிள்ளையார் சுழி என்று விட்டுவிட்டேன்.
பக்திமான் போலிருக்கிறது.
மூன்று மாதம் கழித்து, பஸ்ஸில்,
வலங்கைமான் தாண்டும்போதுதான் உறைத்தது:
சுழியை யாராவது
கீழே, வலது ஓரத்திலா போடுவார்கள்?

கும்பகோணத்தில் அந்த அச்சுக்கூடம் இப்போது
ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை.
பழைய கணக்கு நோட்டை
ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுத்திருந்தார்கள்.
உருவினேன். மேசை ஆடியது.

உத்திராபதி வகைக்கு:
தவளை ஒன்பது, கொக்கு நாலு, தபால்காரர் ரெண்டு,
மழை ஒன்று.
மழைக்கு மட்டும் ரெண்டணா கூட.
ஓரத்தில் முதலாளியின் கை:
‘கோடு அதிகம் என்கிறான்.
எண்ணிப் பார்த்தேன். அதிகம்தான்.’

நீடாமங்கலம் வாக்காளர் பட்டியலில்
ஐம்பத்திரண்டில் அவருக்கு வயது முப்பத்தொன்று.
ஐம்பத்தேழிலும் முப்பத்தொன்று.
தகப்பன் பெயர் முதலில் கோவிந்தன், பிறகு கோதண்டம்.
கதவிலக்கம் இல்லை.
மூணாறு தலைப்பு, லஸ்கர் குடியிருப்பு.

லஸ்கர்.
மதகுப் பலகையைத் திருகி ஏற்றி இறக்குகிற ஆள்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
எதற்கு எவ்வளவு என்று மேலிருந்து தாள் வரும்.
இவர் திருகுவார்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
அளவுகல்லைப் பார்த்து அடிக்கணக்கு எழுதுவார்.
ஒரு நாள் எழுதவில்லை.
எண் இருக்க வேண்டிய கட்டத்தில்
கட்டைவிரல் நகம் அளவு தவளை.

சிவப்பு மை: பதிவேட்டில் படம் வரைந்ததற்கு விளக்கம் தேவை.
நீல மை: அய்யா, எண்ணை மறைத்துக்கொண்டு
தவளை உட்கார்ந்திருந்தது. கண்டதைக் குறித்தேன்.
சிவப்பு மை: எட்டணா அபராதம்.

நாலு மழை வரைந்தால் ஈடாகும்.

மகன் திருவாரூரில். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறார்.
‘அப்பாவா, படமா?
கையெழுத்தே கோழி கிளறினாப்ல இருக்கும்.’
தயங்கி, ஏதும் பணம் வருமா என்றார்.
வராது என்றேன். இருந்தும் டீ வந்தது.
ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.
‘இந்தக் கொக்குக்கு ஒரு கால் ஊனம்.
குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து நிக்குமாம்.
நான் பாத்ததில்ல.
எனக்கு முன்னாடி ஒரு அக்கா இருந்தா, அவ பேரு வச்சதாம் அதுக்கு.’
என்ன பேர் என்று கேட்டேன்.
கொக்குக்கா, அக்காவுக்கா என்றார்.
இரண்டும் அவருக்குத் தெரியவில்லை.

பதினேழாம் பக்கம்தான் அந்த மழை.
கோடுகளுக்குப் பின்னால் அளவுகல்.
தண்ணீர் ஏழரையைத் தொடுகிறது.

பதிவேடு, ஐம்பத்துநாலு, அக்டோபர்.
இருபத்தொன்பது: ஏழே கால்.
முப்பத்தொன்று: ஏழே முக்கால்.
நடுவில் ஒரு கட்டம் காலி. வேறு யாரோ எழுதியது:
லஸ்கர் விடுப்பு. பெண் குழந்தைக்கு ஜுரம்.

குடியிருப்பில் ஆள் இல்லை. ஜன்னலைச் சட்டத்தோடு
பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.
அந்த ஓட்டை வழியே பார்த்தேன்.
அளவுகல் தெரிகிறது,
பாயில் உட்கார்ந்தால்கூட.

ஓவியர்: கோ. உத்திராபதி
என்று பட்டியலைத் திருத்தினேன்.
திருத்தத்துக்குக் கூலி கிடையாது.
காலிக் கட்டத்தில் ஏழரை என்று எழுதக்
கை துறுதுறுத்தது.
எழுதவில்லை. பென்சிலால்கூட.

மறுபடி பதினேழைத் திறந்தேன்.
தவளை தந்தியை இன்னும் பிரிக்கவில்லை.
கையில் வைத்துக்கொண்டு
மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.