கடைசி எழுத்து

மண்டபத்தில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்க
ஒரு மணி நேரம்.
கைப்பையில் நண்டுக் கம்பெனியின் மூன்று மாத ஓவர்டைம்,
ஒரு துண்டுச் சீட்டு.
சீட்டில் எழுத்தும் எண்ணும் கலந்து எட்டு.
சாதகக் குறிப்பை மடிப்பது போல
நாலாக மடித்திருந்தேன்.

“என்ன கம்பெனி டேப்லெட் வேணும்க்கா?”
கடைக்காரன் சீனி இபுராம்சா.
கம்பெனி எதுவானாலும் சரி தம்பி,
பூட்டு திறக்கணும்.
திரையில் விரலை இழுத்துக் காட்டினான். திறந்தது.
அந்தப் பூட்டு இல்லை.
அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது,
விற்றவன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பூட்டு.

வீட்டை விற்றுவிட்டு
பின்வாசல் சாவியை மட்டும்
இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவரை
என்னவென்று சொல்வாய்?

யோசித்தான்.
“எங்க சின்ன மாமான்னு சொல்லுவோம்” என்றான்.

புதுசாக ஆறு எடுத்து வைத்தான்.
ஒவ்வொன்றையும் கவிழ்த்தேன்.
நண்டும் அப்படித்தான்.
முதுகு மினுக்கில் ஒன்றும் தெரியாது,
வயிற்றைப் பார்த்தால்தான்
ஆணா, பெண்ணா, சினையா.
பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.
ஒன்றில் ஏழு பொருந்தியது, எட்டாவது வேறு.

“ஒரு எழுத்துதானேக்கா!”

ஒரு மைல்தானே என்று போன
என் கொழுந்தன் பூமிராஜ்
நாற்பத்தொரு நாள் அக்கரைச் சிறையில் கிடந்தான்.
கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது, தம்பி.
தாண்டினவனுக்குத்தான் தெரியும்
அங்கே ஒன்று இருந்தது என்று.

மூலையில் பெட்டியில்லாமல் ஒன்று.
மேல்முனையில் விரிசல்,
சார்ஜ் துளையில் உப்புப் பூத்த பச்சை.
கவிழ்த்தேன்.
எட்டும் இருந்தது.

“அது ரிப்பேருக்கு வந்துச்சு, ஆள் திரும்பி வரவே இல்ல. நாலாயிரம்.”
மூவாயிரத்து அறுநூறு. சார்ஜர் தனி.

இதில் கேமரா வராது, தெரியும்.
புளூடூத் வந்தால் வரும்.
சாய்த்துப் பிடித்தால் படம் தலைகீழாக நிற்கும்.
பத்துக்கு ஆறு பொருத்தம்.
எனக்கு ஒன்பது பார்த்துக் கட்டிவைத்தார்கள்;
அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இரவு, தோணித்துறை வீட்டில்,
கேபிளை மாட்டியதும் எச்சரிக்கை வந்தது:
இதைத் திறந்தால் உத்தரவாதம் கிடையாது.
ஆள் வராத பண்டத்துக்கு என்ன உத்தரவாதம்?
‘ஆம்’ என்று அழுத்தினேன்.

கறுத்தது.
பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் கேட்டு, ஓய்ந்தும் போயிற்று.
இன்னும் கறுப்பு.
மூவாயிரத்து அறுநூறு, மூவாயிரத்து அறுநூறு
என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு வெளிச்சம்.
போன் நம்பர் கேட்கவில்லை.
எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டது.
பக்கத்திலேயே ‘சொல்ல விருப்பமில்லை’ என்றும் ஒரு பொத்தான்.
தொட்டேன்.
சரி என்று விட்டுவிட்டது.
என்னை எங்கே என்று கேட்டு
பதில் இல்லாமலே விட்ட முதல் ஆள்.

தமிழைத் தேர்ந்தேன். முக்கால்வாசி தமிழ்.
சோற்றில் கல் போல நடுவே சில சொற்கள்.
அடியில் ஒரு வரி:
விடுபட்டதை நீங்களும் எழுதலாம்.
‘டாக்’ என்று ஒன்று.
செயலிகள் வரிசையாகக் காத்து நிற்கும் கீழ்ப்பட்டிக்கு அந்தப் பெயர்.
எதிரே காலிக் கட்டம்.

வெளியே நாட்டுப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக்கிடந்தன.

துறை,
என்று அடித்தேன்.
றகரம் சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன்.
அனுப்பவில்லை.
படித்தவர்கள் யாராவது சிரிப்பார்களோ.
அழிக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு நண்டு லோடு.
படுக்கும் முன் கேமராவைத் திறந்து பார்த்தேன், சும்மா.
கறுப்புதான்.
சார்ஜ் பன்னிரண்டு சதவீதம்.