வலப்பக்க மைக்

பின்லாந்தின் தம்பெரே. பழைய பஞ்சாலைக் கூடம்.
பிப்ரவரி, வெளியே மைனஸ் இருபத்தொன்று.
முதல் ஒரு நிமிடம் பாட்டே இல்லை:
ஆயிரத்து நூறு பேர்
கனத்த கோட்டைக் கழற்றும் சத்தம்.
வெட்டு என்றார் தயாரிப்பாளர்.
மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மணி இரண்டு. ஹெட்போன் காதைச் சுடுகிறது.
எட்டாம் தடத்தை மட்டும் திறக்கிறேன்:
ஓஸ்மோவின் டிரம்ஸ்.
அறுபத்தெட்டு வயது, இடது தோளில் உலோகத் தகடு.
அப்போதெல்லாம் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவான்
கடைசி பஸ்ஸைப் பிடிப்பவன்போல.
இப்போது மயிரிழை பின்னால் வருகிறான்.
அந்த இழையில்தான்
புதுப் பாட்டுகள் அத்தனையும் தொங்குகின்றன.

பன்னிரண்டு ஆண்டு பேச்சுவார்த்தை இல்லை.
காரணம் ஒரு வேன்,
அதை விற்ற காசு.
அதற்கு முந்தைய மூன்று ஆல்பங்களையும்
பதிவு செய்தவள் நான்தான்.
அவற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஐந்தாம் பாட்டு முடிந்ததும் எவனோ
பழைய ஹிட்டின் பெயரைக் கத்துகிறான்,
வலப்பக்க மைக்குக்கு மிக அருகில்.
தூலிக்கி மூச்சு வாங்குகிறாள்.
"அது நாளைக்கு."

நாளைக்கு நிகழ்ச்சி இல்லை.
புரிய நேரம் ஆகிறது அவர்களுக்கு;
பின்வரிசையில் தொடங்குகிறது சிரிப்பு,
ஏரிப்பனியில் விரிசல் ஓடுவதுபோல்
மேடைவரை வருகிறது.

பிறகு அந்தப் பாட்டு. ஒன்பது நிமிடம்.
நாலாவது நிமிடத்தில் ஒரு வரி மறந்துவிடுகிறது அவளுக்கு.
கிதார் ஒரு சுற்று சுற்றிக் காத்து நிற்கிறது.
இன்னொரு சுற்று.
பழைய பாட்டென்றால் கூட்டம் எடுத்துக்கொடுத்திருக்கும்.
இது புதுசு.
எடுத்துக்கொடுக்க உலகத்தில் ஆளில்லை.

மறந்துவிட்டேன் என்பதையே
அவள் அந்த மெட்டில் பாடுகிறாள்,
இரண்டு முறை,
இரண்டாம் முறை உயரத்தில்.
ஓஸ்மோ சிம்பலை அடிக்காமல் விடுகிறான்.

போன வாரம் ஸ்டுடியோவுக்கு வந்தாள்
அந்த ஒரு வரியைச் சரிசெய்ய.
காகிதம் பார்த்துப் பாடினாள். பிசிறில்லை.
ஒட்டிப் போட்டுக் காட்டினேன்.
காகிதத்தை மடித்து
காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.
"இவள் யார், பள்ளிக்கூடத்து டீச்சரா?"
பிறகு வேறெதோ பேசினோம், முட்டிவலி பற்றி.

பாட்டு முடிகிற இடத்தில்
கைதட்டல் உடனே வருவதில்லை.
ஆறு நொடி.
நான் எண்ணினேன், திரும்பத் திரும்ப.
ஒரு பாட்டில் உருளும் சத்தம்.
அப்புறம் வருகிறது, கூரை இடிகிறமாதிரி,
மீட்டர் சிவப்பில் முட்டிக்கொண்டு,
அதற்கு நடுவே
வலப்பக்க மைக்கில் அதே ஆள்,
பெயர் தெரியாமல் திணறி:
"இப்போ பாடினியே, அது!
அது!"