ஓரத்தில் நடந்தது

பூட்ஸுக்கு மேல் நெகிழி உறை,
உறைக்கு மேல் வலைத்துணிச் சாக்ஸ்.
உப்புநீரில் அதை நனைத்துக்கொண்டு
காரிப்பட்டி அர்த்தனாரியின் ஷெட்டுக்குள் நுழைகிறேன்.
நாலாயிரத்து எண்ணூறு கோழிகள்
வெள்ளையாய் விலகி வழிவிடுகின்றன,
அமைச்சர் வந்ததுபோல.

முப்பத்திரண்டாம் நாள்.
ஒன்றுக்கும் கழிச்சல் இல்லை, தூங்கிவழிதல் இல்லை.
தீனி இறங்குகிறது, எடை ஏறுகிறது.
"இந்த பேட்ச்சுல சாவே இல்லீங்க" என்கிறார்,
மகன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல.

போன வாரமும் வந்திருந்தேன்.
நடுவிலேயே நடந்தேன்.
அங்கே நார்க்கழிவு உலர்ந்திருந்தது,
முந்தின நாள்தான் கிளறிச் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள்.
அறிக்கை: இல்லை.
அந்த 'இல்லை'யின் அடியில்
என் சோம்பலும் கையெழுத்துப் போட்டிருந்தது.

இன்று ஓரத்தில்.
நிப்பிள் சொட்டிச் சொட்டி இறுகிய மேட்டில்,
படுதா உரசும் மூலையில்,
எலி வளையின் வாயில்.
மிதிப்பதுதான் வேலை.
நூறு தப்படி. மறுபடி நூறு.
வெளியே வந்து சாக்ஸை உரித்துப் பையில் கட்டுகிறேன்.
நாறுகிறது. நல்லது.
ஜவ்வரிசி ஆலைப் புளிப்பு காற்றில் வருகிறது.
வடமேற்கே சேர்வராயன் மலை நீலமாக,
எதையும் விசாரிக்காமல்.

ஆய்வகத்தில் முதல் ராத்திரி
எல்லாக் கிருமிக்கும் கஞ்சி,
நல்லது கெட்டது பார்ப்பதில்லை.
அடுத்த ராத்திரி சூடும் கசப்பும்.
தாங்காதவை அடங்கிவிட
ஒன்று மட்டும் கூழில் நீந்திப் போகிறது,
கண்ணாடியில் யாரோ மூச்சுவிட்டாற்போல்
வெண்மங்கலாக ஒரு வட்டம்.
அதிலிருந்து ஒரு துளி சிவப்புத் தட்டுக்கு.
பிறகு காலை.

போன் போட்டேன்.
"கோழி சாகலையேங்க, அப்புறம் என்னங்க நோய்?"
கோழிக்கில்லை, தின்கிறவர்களுக்கு என்றேன்.
உங்கள் ஷெட் கடைசி வண்டியில்தான் ஏறும்,
கழுவி, மருந்தடித்து, காலியாகப் போட வேண்டும்,
தண்ணீர்த் தொட்டி, எலி,
ஷெட்டுக்கென்று தனிச் செருப்பு...
சொல்லச் சொல்ல அவருடைய "ம்" தேய்ந்தது.
வளர்ப்புக் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

கேட்டது வேறு.
"பாக்க எப்பிடிங்க இருக்கும் அது?"

இந்த ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
செம்மண்ணில் ஏற்காட்டு மிளகு
சிந்தினாற்போல என்றேன்.

"மிளகு" என்றார்.

அதன்பின் அவர் பேசவில்லை, வைக்கவுமில்லை.
போனுக்குள் விசிறி ஓடியது.
நாலாயிரத்து எண்ணூறு அலகுகள்
தீனித் தட்டைக் கொத்தும் சத்தம்,
தகரக் கூரையில் தூறல் விழுவதாக நினைத்து
நான் ஒரு நொடி
ஜன்னலைப் பார்த்தேன்.