வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளை

ஆலையில் நாளெல்லாம் லாரி எடை போடுகிறேன்,
குலை குலையாய்ச் செம்பனை.
வீட்டில் எடையே இல்லாத வேலை:
காசித்தும்பை.

பெயிண்ட் வாளியில் அடுக்கு இதழ் ரோஸ்.
உடைந்த சிங்க்கில் நியூகினி வகை,
இலை கருஞ்சிவப்பு, பூ ஆரஞ்சு;
பகாவ் வெயிலில் பதினொரு மணிக்கே மயங்கிச் சாயும்,
ஒரு குவளைத் தண்ணீருக்கு எழுந்து நிற்கும் நடிகை.
குட்டை வகை ஒன்றும் இருந்தது.
போன மழையில் இலைக்கடியில் வெள்ளைப் பூஞ்சணம்,
மூன்றே நாளில் வெறும் தண்டு.
மண்ணோடு அள்ளிக் கட்டிப் போட்டேன்.

பக்கத்து வீட்டு ரொக்கியாவோடு
நோன்புப் பெருநாளிலிருந்து பேச்சில்லை.
என் கேட்டை மறித்து அவள் மகன் நிறுத்திய மைவி,
நான் விட்ட ஒரு சொல்.
எடை போட்டால் ஒரு கிலோ தேறாது.

இன்று துணி உலர்த்தும்போதுதான் பார்த்தேன்.
அவள் வீட்டுக் கால்வாயோரம்
சிமெண்டு விரிசலில் ஒரு தும்பை.
வெள்ளை. இதழோரம் ஊதாத் தீற்றல்.
என்னிடம் இல்லாத நிறம்.
என் செடிகள்தான் வெடித்துத் துப்பியிருக்கும்;
எந்த வண்டு நடுவில் புகுந்ததோ.

சுற்றிலும் புல்லை மழித்திருக்கிறாள்.
அதற்கு மட்டும்
ஐஸ்கிரீம் குச்சி நட்டு, நூல் கட்டியிருக்கிறாள்.

காய் முற்ற இரண்டு வாரமாவது ஆகும்.
விரல் பட்டதும் சுருண்டு உதைக்கும்,
அடியில் உள்ளங்கை ஏந்தித் தொட வேண்டும்.
அதற்கு அவள் வாசலில் நிற்க வேண்டும்.

நியூகினியில் ஒரு கிளை ஒடித்து
மைலோ குவளைத் தண்ணீரில் வைத்தேன்.
வேர் விட்டால்
வெறுங்கையோடு போக வேண்டாம்.